வாத்து விளக்குக்கு ரசீது

வெள்ளிக்கிழமை, விடியாத நாலே கால்.
முழங்கை வரை டோனட் மாவு.
ஏப்ரன் பைக்குள் போன் ஒருமுறை துடித்து அடங்கியது.
கை கழுவப் பொறுமையில்லை.
மாவு ஒட்டிய பெருவிரலைத் திரை ஏற்கவில்லை.
மூக்கு நுனியால் திறந்தேன்.

ஆயிரத்து இருநூறு டாலர்.
அனுப்பியவர் பெயர் இருந்தது.
எதற்கு என்ற கட்டம் காலி.

எனக்குத் தெரிந்த பணமெல்லாம்
எதற்கு, எதற்கு என்று கேட்டுக்கொண்டேதான் வரும்.
ஏழாம் வகுப்பில் ஷூ வாங்கிய முப்பத்தொரு டாலருக்கு
ரசீது, அதன் நகல், மிஸ் குவாக்கன்புஷ் கையெழுத்து,
என் கால் வளர்ந்ததற்கு ஒரு விளக்கக் கடிதம்.
கால் வளர்ந்ததற்கு. சத்தியமாக.
ஒன்பது வளர்ப்பு வீடுகள்.
ஃபிரிட்ஜைத் திறக்குமுன் யாரையாவது திரும்பிப் பார்க்கும் கழுத்து
இன்னும் என்னிடம்தான் இருக்கிறது.

இருபத்தொன்று முடிந்த அன்று கோப்பை மூடினார்கள்.
சத்தமில்லை. ஒரு மின்னஞ்சல்.
வாசலைத் தாண்டி உள்ளே கால் வைக்க
மூன்று மாத வாடகையை முன்னால் வை என்கிறது டோலிடோ.
இரவெல்லாம் திறந்திருக்கும் சலவைக்கடையில்
ஒரே துண்டை நாலு தடவை உலர்த்தினேன்,
உட்கார ஒரு காரணம் வேண்டுமே.
அது ஐந்து வாரம்.
அந்தத் துண்டைப்போல் சுத்தமான துண்டு
ஒஹையோவில் இருந்திருக்காது.

பிறகு தொலைபேசியில் அந்தப் பெண்:
மாதா மாதம். பதினெட்டு மாதம்.
நிபந்தனை? இல்லை.
ரசீது? வேண்டாம்.
அப்படியென்றால் என்ன வாங்க வேண்டும்?
அது உங்களுக்குத் தெரியும் என்றாள்.
எனக்குத் தெரியும் என்று
அதுவரை யாரும் என்மேல் பழி போட்டதில்லை.

வாடகை கட்டினேன்.
இரண்டு வருஷமாக இடப்பக்கம் மெல்லாமல் விட்ட
கடைவாய்ப் பல்லைக் காட்டினேன்.
பஸ் பாஸ். கனமான போர்வை.
அப்புறம், பழைய சாமான் கடையில்,
பதினாலு டாலருக்கு ஒரு பீங்கான் வாத்து.
வயிற்றுக்குள் பல்பு, கழுத்தில் விரிசல்.
எந்தப் பக்கம் திருப்பிப் பார்த்தாலும் தேவையில்லாதது.

பஸ்ஸில் அதை மடியில் வைத்துக்கொண்டு
வாக்குமூலம் தயாரித்தேன்:
வெளிச்சத்துக்கு, மேடம்.
இரவு வேலை, மேடம்.
தள்ளுபடியில்தான், மேடம்.
பத்தொன்பது நிறுத்தங்கள்.
ஒருவரும் கேட்கவில்லை.
இறங்கும்போது டிரைவர் மட்டும் சொன்னார்:
நல்ல வாத்து.

ஜனவரியில் வெண்டல் வந்தான்.
ஆறாவது வீட்டில் மேல்கட்டில் அவனுக்கு, கீழ்க்கட்டில் எனக்கு.
இந்தப் பணம் அவனுக்கு இல்லை.
விதியில் எழுதிய தேதிக்கு
நாற்பது நாள் முன்பே பிறந்துவிட்டான்.
ப்யூக் காரின் பின்சீட்டில் தூங்குகிறான்,
ஏரிக்காற்று கண்ணாடியை உள்பக்கமாகவே உறைய வைக்கிறதாம்.
மூன்று இரவு என் தரையில் படுத்தான்.
விளக்கை அணைக்கவா என்றேன்.
அது இருக்கட்டும் என்றான், சுவரைப் பார்த்தபடி.

நாலாம் நாள், ஷூ நாடாவைக் கட்டிக்கொண்டே,
நிமிராமல்:
ஒரு நூற்றி நாற்பது கிடைக்குமா?

எதற்கு என்றேன்.

சொல் வாயைவிட்டுப் போன பிறகுதான்
அது யாருடைய குரல் என்று தெரிந்தது.
மிஸ் குவாக்கன்புஷ்
என் பல்லுக்குப் பின்னால் நாற்காலி போட்டு
உட்கார்ந்திருந்தாள் இத்தனை நாளும்.

அவன் நாடாவை அவிழ்த்து மறுபடி கட்டினான்.

போனை எடுத்தேன். நூற்றி நாற்பது.
எதற்கு என்ற கட்டத்தில்
விரலை வைத்தேன், எடுத்தேன்.
காலியாகவே அனுப்பினேன்.

அந்த மாதம் ஒன்பது நாள்
கடையில் மிஞ்சிய டோனட்தான் சாப்பாடு.
நல்லவளாக இருந்ததில் ஒரு சுகமும் இல்லை, கோபம்தான்.
அவன் கார் நிற்கும் இடத்துக்குப் போய்ப் பார்க்கவில்லை.
போனேன். ஒருமுறை.
பனியில் காரளவு கறுப்புச் செவ்வகம்,
அதில் எண்ணெய்ச் சொட்டு.
வேலைக்குப் போயிருக்கலாம்.
போகாமலும் இருக்கலாம்.

இன்னும் பதினோரு மாதம் வரும்.
அதற்கப்புறம் வராது, தெரியும்.
வாத்தின் ரசீதை ஷூ பெட்டியில் வைத்திருக்கிறேன்,
மை மங்கி இப்போது வெறும் தாள்.
என்றாவது யாராவது கேட்டால்
அதைத்தான் நீட்ட வேண்டும்.